எட்டில் இரண்டு

"பத்துப் பேரு போதும் சார். காரணமெல்லாம் வேண்டாம், இடம் இல்லை." புத்தகக் காட்சிச் சிறப்பிதழுக்காக ஒரு பத்திரிகையின் உதவி ஆசிரியர் தொலைபேசியில் சொன்னது இது. நல்ல பிள்ளை. ஊரே நம்புவதைத்தான் ஒரு வரியில் சொன்னார். பரிந்துரை என்றால் பெயர். சொல்பவர் நாலு பேருக்குத் தெரிந்தவராக இருந்தால் காரணம் தேவையில்லை. கேட்பவர் யார் என்ற பேச்சே எழாது. நான் மறுத்துவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

முதலில் எதிர்த்தரப்பைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேலிச்சித்திரமாக்கிவிட்டு அடிப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நந்தனம் மைதானத்துக்குள் நுழைகிற ஒருவர் முன்னால் நூற்றுக்கணக்கில் அரங்குகள். அவரிடம் இருப்பது ஒரு மாலைப்பொழுது, இரண்டாயிரம் ரூபாய். எதை எடுப்பது? நாற்பது ஆண்டு வாசித்த ஒருவர் 'இந்த நூறு' என்று ஒரு தாளை நீட்டினால் அது உபகாரம் இல்லையா? குப்பையை வாங்கி ஏமாறாமல் அது காப்பாற்றுகிறது. மறந்துபோன நல்ல நூல்களைத் தூசி தட்டி மேலே எடுத்து வைக்கிறது. காரணம் சொல்ல ஆரம்பித்தால் விமர்சனமாகிவிடும், அதைப் படிக்க யாருக்குப் பொறுமை? தவிர, புத்தகத்தைப் பற்றி முன்கூட்டியே அதிகம் பேசாமல் வாசகரை நேரே உள்ளே அனுப்புவதுதான் மரியாதை. எல்லாவற்றுக்கும் மேலே, விமர்சகர் க.நா.சு.வே பட்டியல் போட்டவர்தானே?

இவை எதுவும் முட்டாள்தனமான வாதங்கள் அல்ல. அதனால்தான் இந்த நம்பிக்கை இத்தனை காலம் ஓடுகிறது. ஆனால் இது தவறு, அதுவும் வாசகரைப் பதம் பார்க்கிற தவறு.

1. பெயர்களை வரிசையாக எழுதுவதே பரிந்துரை என்றால், வாக்காளர் பட்டியலைவிடப் பெரிய பரிந்துரை எது?

ஒரு நூலை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பற்றித் தமிழ் யோசிக்காமல் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி முனிவர் சிறப்புப் பாயிரத்துக்கு இலக்கணம் வகுக்கிறார். நூலின் வாசலில் நின்று அதை அறிமுகம் செய்கிற பகுதி அது. அதில் எட்டுச் செய்திகள் இருக்க வேண்டும். எழுதியவர் யார், நூலின் பெயர் என்ன என்பவை அந்த எட்டில் இரண்டு மட்டும்தான். எந்த வழியில் வந்த நூல், எங்கே வழங்குவது, எப்படிக் கட்டப்பட்டது, எதைப் பற்றியது என்றெல்லாம் சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு மிச்சம்: கேட்போர், பயன். இந்த நூலைக் கேட்கத் தகுந்தவர் யார், கேட்டால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதும் வாசலிலேயே சொல்லப்பட வேண்டும். இந்த எட்டு போதாது, நூல் எழுந்த காரணமும் வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு என்று அதே நூல் குறிப்பிடுகிறது. பாயிரம் சொல்லத் தகுதியானவர்கள் யார் என்பதற்கும் கணக்கு இருக்கிறது: நூலாசிரியரின் ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரை எழுதியவர். நாலு பேருமே அந்த நூலோடு மல்லுக்கட்டியிருக்கக் கூடியவர்கள். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் சொன்ன பனம்பாரனாரைத் தொல்காப்பியரோடு படித்தவர் என்றுதான் மரபு சொல்கிறது.

பாயிரம் வேறு, பரிந்துரை வேறு என்று யாராவது சொல்லலாம். சரி, வேறுதான். பாயிரம் ஏற்கெனவே ஏட்டைக் கையில் எடுத்துவிட்டவரிடம் பேசுவது. அவருக்கே எட்டு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது என்றால், இன்னும் பணப்பையைத் திறக்காதவருக்கு இரண்டு எப்படிப் போதும்? நம்முடைய 'நூறு சிறந்த நூல்கள்' எல்லாம் ஆக்கியோன் பெயரோடும் நூற்பெயரோடும் நின்றுவிடுகின்றன. சிலர் தாராளமாகப் பதிப்பகத்தின் பெயரையும் சேர்க்கிறார்கள். அது வாங்குவதற்கு உதவும்.

2. யாருக்கு?

இந்த ஒரு கேள்வியில் பட்டியல் சரிந்துவிடும். கல்யாணத் தரகர் ஒருவர் ஊரில் உள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே ஜாதகக் கட்டைக் கொண்டுபோய், "இந்த நூறும் உயர்ந்த குடும்பத்து வரன்கள், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வைத்துவிட்டுக் கிளம்பினால் அடுத்த முறை யாராவது அவருக்குக் காப்பி கொடுப்பார்களா? வரன் உயர்ந்ததா என்பதோடு தரகர் வேலை முடிவதில்லை. எந்தப் பெண்ணுக்கு என்பதில்தான் அது ஆரம்பிக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புத்தகக் காட்சியில், பெரிய கூட்டமில்லாத ஓர் அரங்கில் நான் பார்த்தது இது. ஓர் அம்மா மகளோடு வந்து கடைக்காரரைக் கேட்டார்: "அண்ணா, பன்னெண்டு வயசுப் பொண்ணுக்கு என்ன வாங்கலாம்?" கையில் துண்டுப் பிரசுரம் ஒன்றைத் திணித்து அனுப்பியிருக்கலாம். அவர், "பாப்பா கடைசியா எதும்மா படிச்சு முடிச்சா?" என்று கேட்டார். "அவ எதையும் முடிக்க மாட்டாண்ணா. பாதியில வச்சிடுவா." கடைக்காரர் அம்மாவை விட்டுவிட்டுப் பெண்ணிடம் திரும்பினார். "எதைம்மா பாதியில வச்ச?" அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "யானை செத்துப்போச்சு. மூடிட்டேன்." அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பின்னால் போய் மெலிந்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்தார். "இதுல ஒரு நாய் வரும். அதுக்கு ஒண்ணும் ஆகாது. முதல்லயே சொல்லிடுறேன்." பெண் நிமிர்ந்து பார்த்து, கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

காரணம் சொன்னால் சுவாரசியம் கெட்டுவிடும் என்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அந்தக் கடைக்காரர் முடிவையே சொல்லிவிட்டார். சொன்னதால்தான் அந்தப் புத்தகம் கைமாறியது. கதையை எவ்வளவு மறைக்கலாம், எவ்வளவு சொல்லலாம் என்பது எதிரே நிற்பவரைப் பொறுத்தது. எதிரே யாருமே இல்லாமல் எழுதப்படுகிற பட்டியலுக்கு அந்த அளவு எப்படித் தெரியும்?

அந்த மனிதர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனைப் படித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போன ரங்கநாதன், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஒன்றல்ல. முன்னது வாசகரின் பக்கம் நின்று தேடுவது, பின்னது அலமாரியில் தூங்கும் நூலின் பக்கம் நின்று தேடுவது. நடுவில் ஓர் ஆள் நின்று இரண்டு பக்கமும் விசாரிக்க வேண்டும், அந்த விசாரிப்பே நூலகரின் வேலை என்பது அவர் கட்சி. பட்டியல்காரர் இந்த இரண்டு விதியையும் தூக்கிப்போட்டுவிட்டு, 'எல்லா வாசகருக்கும் இந்த நூல்' என்று ஆறாவதாக ஒன்றை எழுதுகிறார்.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நான்காவது விதி ஒன்று உண்டு. பட்டியல்தான் அதைச் செய்கிறது என்பார்கள். தனக்குப் பொருந்தாத எழுபது நூல்களுக்கு நடுவில் பொருந்தும் முப்பதைக் குறி சொல்லாமல் கலந்து வைப்பது யாருடைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது? போட்டவருடைய நேரத்தை.

3. தகுதியுள்ள பெரியவர்கள் கூடித் தேர்ந்தெடுத்தால் போதாதா?

போதாது. நம்மிடம் அப்படி ஒரு பட்டியல் 1955 முதல் இருக்கிறது: சாகித்திய அகாதெமி விருது. அதில் தி. ஜானகிராமனைத் தேடிப் பாருங்கள். 1979, 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுப்பு. 'மோகமுள்'ளும் இல்லை, 'அம்மா வந்தா'ளும் இல்லை. அசோகமித்திரன்? 1996, 'அப்பாவின் சிநேகிதர்'. '18வது அட்சக்கோடு' அதில் இல்லை, 'தண்ணீ'ரும் இல்லை. லா.ச.ரா.வுக்கு 1989இல் 'சிந்தாநதி', 'அபிதா'வுக்கு அல்ல. புதுமைப்பித்தன் 1948லேயே போய்விட்டார். அகாதெமி அதற்குப் பிறகு பிறந்தது.

நடுவர்களுக்கு ரசனை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. விருதுக்கு முந்தைய சில ஆண்டுகளில் வெளிவந்த நூல்களுக்குள்ளிருந்துதான் எடுக்க முடியும் என்பது விதி. பெரிய எழுத்தாளருக்குத் தாமதமாகவேனும் மரியாதை செய்ய வேண்டும் என்று அவர்கள் நினைக்கும்போது கையில் கிடைக்கிற நூல் அதுவாக இருக்கிறது. அவர்களுக்கு அது நியாயமான காரணம். ஆனால் ஜானகிராமனை ஒரு வரிகூட வாசித்திராத இருபத்திரண்டு வயதுப் பையன், அட்டையில் விருது முத்திரையைப் பார்த்து எதில் தொடங்குவது என்று முடிவு செய்தால் அந்தக் காரணம் அவனுக்கு எப்படிப் பொருந்தும்? அவனுக்குத் தெரிவது பெயர் மட்டும். ஒரு தேர்வு எவ்வளவு பெரிய மனிதர்களால் செய்யப்பட்டாலும், காரணத்தை உரித்துவிட்டுக் கைமாறும்போது தப்பான இடத்தில் போய் இறங்கும்.

4. க.நா.சு. பட்டியல் போட்டாரே?

போட்டார். எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இது, அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

அவர் எழுதிய காலத்தில் பெயரே செய்தி. வெகுஜனப் பத்திரிகைகளின் விற்பனைக்கு நடுவில் மௌனி என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாது. தெரியாத பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது அன்றைக்கு ஒரு தொண்டு. இன்று பெயருக்குப் பஞ்சமில்லை. முகநூலைத் திறந்தால் ஒரு மணி நேரத்தில் முந்நூறு பெயர் கிடைக்கும். அன்று கிணறு வெட்ட வேண்டியிருந்தது. இன்று வெள்ளத்தில் எது குடிக்கிற தண்ணீர் என்று சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது. வெள்ளத்துக்கு நடுவில் நின்று இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றுவது தொண்டு ஆகாது.

இன்னொன்று, க.நா.சு. பட்டியலோடு நிற்கவில்லை. 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டு நூல் நூலாக எடுத்து எழுதினார். நட் ஹாம்சனைப் படியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகாமல் 'நிலவளம்' என்று முழு நாவலையும் தமிழில் கொடுத்தார். பேர் லாகர்குவிஸ்ட் என்று பெயரை உதிர்க்கவில்லை. 'அன்பு வழி'யை மொழிபெயர்த்துக் கையில் வைத்தார். நானூறு பக்கத்தை உட்கார்ந்து மொழிபெயர்த்த ஒருவர் 'இது நல்ல நாவல்' என்று மூன்றே சொல்லில் சொன்னாலும் அதன் பின்னால் நானூறு பக்கக் காரணம் நிற்கிறது.

அப்படியும் அவர் காலத்து இன்னொரு விமர்சகரான சி.சு. செல்லப்பா ஒப்புக்கொள்ளவில்லை. ரசனையின் தீர்ப்பை மட்டும் சொன்னால் போதாது, அலசிக் காட்ட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியதற்குப் பின்னால் அந்தப் பிடிவாதமும் இருந்தது. அலசல் சில சமயம் தலைவலி கொடுக்கிற அளவுக்கு நீளும் என்பது வேறு விஷயம். செல்லப்பாவின் கட்டுரைகளை ரசித்துப் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தான் பதிப்பித்த புத்தகங்களை மூட்டை கட்டித் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றவர் அவர். அந்த மூட்டையின் பாரமும் ஒரு பரிந்துரைதான். ஒருவரிடமிருந்து தோளையும் இன்னொருவரிடமிருந்து மொழிபெயர்ப்பு மேசையையும் எடுத்துக்கொள்ளாமல், க.நா.சு.வின் பட்டியல் போடும் பழக்கத்தை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். அந்தப் பழக்கம் அவரிடமே பலவீனம்தான் என்பது என் எண்ணம்.

5. பட்டியல் வந்த மறுநாள் நடக்கிற சண்டையைக் கவனியுங்கள்.

யார் பெயர் விட்டுப்போயிற்று, எந்த வட்டாரம் விட்டுப்போயிற்று, பெண்கள் எத்தனை பேர், ஈழத்தவர் எத்தனை பேர், முப்பத்தேழாம் இடத்தில் இருக்கும் அந்த நண்பர் எப்படி உள்ளே வந்தார். இவை நியாயமான கேள்விகளாகவும் இருக்கலாம். ஆனால் 'இந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு போனேன், எனக்கு எதுவும் ஒட்டவில்லை' என்று ஒரு வாசகர் வந்து சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. எழுத்தாளர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் நடுவில் இடம் பிரித்துக்கொடுக்கிற ஆவணம் அது, பந்தி வரிசை. அதை வாசகரிடம் நீட்டி 'உங்களுக்காகத்தான்' என்று சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பரிந்து உரைப்பதுதான் பரிந்துரை. யாருக்காகப் பரிகிறோமோ அவருக்கு நாம் பொறுப்பு. ஒரே ஒரு புத்தகத்தை ஒருவரிடம் கொடுத்து அது அவருக்குப் பிடிக்காமல் போனால் அடுத்த முறை அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடம்தான் பரிந்துரைக்குக் கொடுக்கிற விலை. நூறு பெயர் சொன்னவர் எந்த விலையும் கொடுப்பதில்லை. தொண்ணூறு பிடிக்கவில்லை என்றாலும் பத்து பிடித்திருக்கும். பத்தும் பிடிக்கவில்லை என்றால் வாசகருக்கு ரசனை போதாது.

6. கடைசியாக, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்வி.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு விமர்சன நூலின் பின்னிணைப்பிலிருந்த நாவல் பட்டியலை நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். முடித்ததைச் சிவப்பு மையால் அடிப்பேன். பதினோராவது நாவலில் கால்வாசி போனபோது ஒன்றும் ஏறவில்லை. நாலு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தேன். பிறகு ஒருநாள் இரவு, படிக்காமலேயே சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அடித்தபின் எளிதாக இருந்தது. அடுத்த ஆறையும் அப்படியே அடித்தேன். ஓர் இலக்கியக் கூட்டத்தில் அந்த ஆறைப் பற்றியும் பேசினேன், கைதட்டு வாங்கினேன். அதற்குப் பின் மூன்று ஆண்டு நாவல் என்று எதையும் தொடவில்லை. புத்தகத்தைக் குறை சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, பட்டியல் போட்டவர் பெரியவர். ஆகவே குறை என்னிடம். 'நமக்கு இலக்கியம் வராது' என்று நான் ஒதுங்கியது இப்படித்தான். அந்தப் பதினோராவது நாவலை நாற்பது வயதில் ஒரே மூச்சில் படித்தேன். 'முதல் எண்பது பக்கம் மெதுவாகப் போகும், அப்பா ஆனபிறகு படி' என்று அன்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். பதினொரு சொற்கள்கூட ஆகாது.

எந்திரப் பரிந்துரை இதைவிட மோசம் என்பார்கள். 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்கிற முறைக்கு அமேசான் 1998இல் காப்புரிமை கேட்டது. 2013இல் வாசகர்கள் நட்சத்திரம் குத்தும் குட்ரீட்ஸையும் வாங்கிக்கொண்டது. வாங்கியதை அந்த முறை கணக்கெடுக்கிறது, படித்ததை அல்ல. ஆனால் ஒன்று: 'இது உயர்ந்த நூல்' என்று அது மேடையேறிச் சொல்வதில்லை. அந்த அளவுக்கு நாணயம்.

சரி, வாசகர்கள் உண்மையில் எப்படித்தான் புத்தகத்துக்கு வருகிறார்கள்? 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 முதல் 1954 வரை வாராவாரம் 'கல்கி'யில் வந்தது. எத்தனையோ வீடுகளில் அந்தப் பக்கங்களைப் பத்திரமாகக் கிழித்தெடுத்து, மணியம் வரைந்த படங்களோடு சேர்த்து, தைத்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்து வைத்தார்கள். அந்தத் தொகுதிகளில் பக்கத்து ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட விளம்பரங்கள் இருக்கும், சில இதழ்கள் காணாமல் போயிருக்கும். பேத்தி பரணில் அதைக் கண்டெடுக்கிறாள். நாவல் சிறந்ததா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பாட்டி மூன்றரை வருஷம் ஒரு வாரம் தவறாமல் காத்திருந்திருக்கிறாள், கத்தரித்திருக்கிறாள், ஊசியில் நூல் கோத்திருக்கிறாள் என்பது அந்தத் தையலில் தெரிகிறது. காரணம் வாயால்தான் சொல்லப்பட வேண்டும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. கிளை நூலகத்தில் திரும்பி வந்த புத்தகத்தை அலமாரியில் வைக்காமல், "நீ வருவன்னு எடுத்து வச்சேன்" என்று மேசைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற நூலகரும் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. போன மாதம் நான் எதைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தேன், எதை மறுநாளே திருப்பிக் கொடுத்தேன் என்பது அவருக்குத் தெரியும்.

இந்தக் கட்டுரையை முடிக்கிற சமயத்தில் அந்த உதவி ஆசிரியர் மறுபடி அழைத்தார். பத்து வேண்டாம், ஒன்றாவது சொல்லுங்கள் என்றார். "யாருக்கு?" என்றேன். கொஞ்சம் தயங்கி, "எனக்கே சொல்லுங்க சார்" என்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கடைக்காரரின் கேள்வியையே கேட்டேன்: "கடைசியா எதைப் படிச்சு முடிச்சீங்க?"

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தம் இல்லை.

"முடிச்சதா சார்?" என்றார். "வாங்கினது சொல்லட்டுமா?"